பெருமரம்

பெருமரம் தமிழகத்தின் வறண்ட சமவெளிகளில் வளரும் இலையுதிர் மரம். தாவரவியலில் அய்லாந்தஸ் எக்செல்சா என்று பெயர். சிமரூபேசி குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளையும் இளமஞ்சளும் கலந்த எடை குறைந்த கட்டையைத் தருவது. விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் இதைத் தீக்குச்சி மரம் என்றாலே தெரியும். சாத்தூரை அடுத்த இருக்கன்குடியில், அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு சேருமிடத்தில் உள்ள மாரியம்மன் கோயிலில், ஆடி கடைசி வெள்ளியன்று மாவிளக்குக்கும் கற்பூரத்துக்கும் கணக்கில்லாத தீக்குச்சிகள் கிழிபடுகின்றன. எரிந்தது போகத் தரையில் கிடக்கும் குச்சியின் அடிப்பாகம் வெள்ளையாகவே இருக்கும். அந்த வெள்ளைக் கட்டையைப் பற்றியது இக்கட்டுரை.

பெயர்கள்

பீநாறி, பீமரம் என்ற பெயர்களும் உண்டு. இலையைக் கசக்கி மோந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பேரினப் பெயரான அய்லாந்தஸ், இந்தோனேசியாவின் அம்போன் தீவு மக்கள் தங்கள் ஊர் மரமொன்றுக்கு வைத்திருந்த பெயரிலிருந்து வந்தது. வானை எட்டும் மரம் என்பது அதன் பொருள். சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த வில்லியம் ராக்ஸ்பரோ, சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றிய தம் நூலில் 1795இல் இம்மரத்தை விவரித்து, உயர்ந்தது என்று பொருள்படும் எக்செல்சா என்ற சிறப்புப் பெயரைச் சேர்த்தார். அம்போன் தீவுக்காரரும் ராக்ஸ்பரோவும் நம்மூர்க்காரரும் ஆளுக்கொரு மொழியில் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள்.

இதன் நெருங்கிய உறவு மலையாளத்தில் மட்டி எனப்படும் அய்லாந்தஸ் டிரைஃபைசா. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மிகுந்த பக்கத்து மரம். பட்டையைக் கீறினால் வடியும் பிசின்தான் நாட்டு மருந்துக் கடைகளில் சாம்பிராணியோடு விற்கும் மட்டிப்பால். மைசூர் ஊதுபத்திகளிலும் சேர்கிறது. பெருமரம், மட்டி இரண்டின் கட்டையும் ஏறக்குறைய ஒரே தன்மை. குச்சித் தொழிலும் இரண்டையும் பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் கட்டுக்கடங்காமல் பரவிய சீனத்து மரமான அய்லாந்தஸ் அல்டிசிமாவும் இந்தப் பேரினமே. அது இங்கே பேச்சுக்கு வராது.

மரத்தின் தோற்றம்

18 முதல் 25 மீட்டர் வரை உயரும். அடிமரம் நேராக, தூண்போல ஓடும். இளமரத்துப் பட்டை சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்து, முதிர முதிரச் சொரசொரப்பாகும். நாலைந்து வயது வரை பக்கக்கிளை அதிகம் விடாமல், உச்சியில் மட்டும் குடை விரித்தாற்போல் இலை வைத்து நிற்பதால், தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் ஏதோ பனை வகை என்று ஏமாறுவதுண்டு. இலை உதிர்ந்த தழும்புகள் தண்டில் பெரிதாகத் தெரியும். கூட்டிலை, முழ நீளமும் அதற்கு மேலும் இருக்கும். சிற்றிலைகளின் ஓரம் ஒழுங்கற்ற பற்களாக வெட்டுப்பட்டிருக்கும்.

கோடைக்கு முன் இலையுதிர்ந்து, பசுமஞ்சள் பூக்கள் கொத்தாக வரும். ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் வேறு வேறு மரங்களில் இருக்கும். காய் என்பது 5 சென்டிமீட்டர் நீளத் தட்டைச் சிறகு. அடியில் ஒரு முறுக்கு, நடுவில் ஒற்றை விதை. மே, ஜூன் மாதங்களில் செம்பு நிறமாகக் காய்ந்து காற்றில் சுழன்றபடி விழும். ஒரு கிலோவில் 9,000க்கும் மேல் விதை நிற்கும். ஆனால் சில மாதங்களுக்குள் முளைப்புத் திறனை இழந்துவிடும்.

வைரமில்லாத வன்மரம்

உலக மர வணிகத்தில் ஊசியிலை மரங்களை மென்மரம் என்றும் அகன்ற இலை மரங்களை வன்மரம் என்றும் பிரிக்கிறார்கள். கட்டை எவ்வளவு கடினம் என்பதை வைத்து அல்ல, செடியின் குலத்தை வைத்து. அந்தக் கணக்கில் பெருமரம் வன்மரம். கையில் எடுத்துப் பார்த்த ஆசாரி சிரித்துவிடுவார். விரல் நகத்தால் அழுத்தினாலே தடம் விழுகிற கட்டையை வன்மரம் என்று தமிழில் எழுதுவது சங்கடமான வேலைதான். உலகிலேயே மிக லேசான கட்டைகளில் ஒன்றான பால்சாவும் இதே பிரிவில் வருகிறது என்பதுதான் ஆறுதல்.

நம் மரபு வேறுவிதமாகப் பிரித்தது. தொல்காப்பியம் உள்ளே காழ் உடையதை மரம் என்றும் வெளியே காழ் உடையதைப் புல் என்றும் வகுத்தது. பனையும் தென்னையும் அதனால்தான் புல். பின்வந்த நிகண்டுகள் உள்வைரம் உள்ளதை ஆண்மரம் என்றும், வெளிவைரம் உள்ளதைப் பெண்மரம் என்றும், எங்கும் வைரமில்லாத வெளிறான கட்டையை அலிமரம் என்றும் சொல்லின. பெருமரம் இந்த மூன்றாவது வகை. குறுக்கே அறுத்தால் நடுவுக்கும் ஓரத்துக்கும் நிறத்தில் வேறுபாடு இருக்காது. தேக்கில் தெரியும் பொன்னிற நடுவும் வெளுத்த ஓரமும் இதில் இல்லை. கதவு, நிலை, கலப்பை என்று யோசிக்கிற தச்சருக்கு இது பெரிய குறை. குச்சி உரிப்பவருக்கோ, பட்டைக்குக் கீழே தொடங்கி நடு வரை ஒரே நிறம், ஒரே மென்மை.

காய்ந்த கட்டை ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 400 முதல் 450 கிலோ இருக்கும். தேக்கு 650 கிலோ அளவில் இருக்கும். கருவேலம் அதையும் தாண்டும். புதிதாக அறுத்த முகம் பாலேடு நிறம். வெளிச்சம் பட்டபின் லேசாக மஞ்சளிக்கும். நார் நேராக ஓடும். துளைகள் பெரியவை, குறுக்கு முகத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும். மணமோ சுவையோ குறிப்பாக இல்லை. இலையில் அத்தனை நாற்றத்தை வைத்த மரம் கட்டையில் ஏதும் வைக்கவில்லை.

ரம்பத்துக்கும் உளிக்கும் எளிதாக இணங்கும். ஆணி அடித்தால் பிளக்காது. ஆனால் இறுகப் பிடித்தும் வைக்காது. பசை நன்றாக ஏற்கும். இழைப்புளி கூராக இல்லாவிட்டால் மேற்பரப்பு பஞ்சு கிளம்பி நிற்கும். மெருகு ஏறாது, வார்னிஷைக் குடித்துக்கொண்டே போகும். விரைவாக உலரும், அதிகம் கோணாது. மண்ணிலும் ஈரத்திலும் போட்டால் நிலைக்காது; கரையானுக்கும் வண்டுக்கும் விருந்து. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை நீலக்கறை. வெட்டிய கட்டை ஈரத்தோடு கிடந்தால் சில நாளில் பூஞ்சை ஏறி, வெள்ளை முகத்தில் மைக்கறைபோல நீலச்சாம்பல் திட்டுகள் படரும். உறுதி அவ்வளவாகக் குறையாது. ஆனால் நிறத்தை வைத்தே விலைபோகிற சரக்குக்கு அது போதும், கழித்துவிடுவதற்கு.

குச்சிக்கு ஏன் இந்தக் கட்டை

நல்ல தீக்குச்சிக் கட்டைக்கு உள்ள நிபந்தனைகள் விசித்திரமானவை. எரிய வேண்டும், பொறி தெறிக்கக் கூடாது. பிசின் இருந்தால் புகையும். நார் சாய்வாக ஓடினால் உரசும்போது நடுவில் முறிந்து, எரிகிற தலை சட்டையில் விழும். கட்டை மிகவும் இறுகியிருந்தால் மெழுகு உள்ளே இறங்காது. மெழுகு ஏன் என்று கேட்கலாம். குச்சியின் தலையிலுள்ள மருந்து ஒரு நொடியில் எரிந்து தீர்ந்துவிடும். அந்தத் தீயை மரம் பற்றிக்கொள்ளும் வரை ஏந்தி நிற்பது முனையில் ஊறிய மெழுகுதான். ஆகவே மருந்தில் முக்குவதற்கு முன் முனையை உருக்கிய மெழுகில் தொட்டெடுக்கிறார்கள். பெருமரத்தின் அகன்ற துளைகள் இங்கே உதவிக்கு வருகின்றன. மெருகெண்ணெயைக் குடிக்கிறது என்று தச்சர் திட்டுகிற அதே துளைகள்.

ஐரோப்பாவில் இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் பொருந்தியது ஆஸ்பென் மரம். சுவீடனில் குஸ்தாஃப் எரிக் பாஷ் 1844இல் பாதுகாப்புத் தீக்குச்சிக்குக் காப்புரிமை பெற்றார். யோன்ஷோப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ராம் சகோதரர்கள் அதைத் தொழிலாக்கினார்கள். இந்தியச் சந்தையை நெடுங்காலம் நிரப்பியவை சுவீடன், ஜப்பான் நாட்டுப் பெட்டிகளே. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி கூடியதும் உள்நாட்டில் தொழில் தொடங்க வழி பிறந்தது. சுவீடன் தீப்பெட்டி நிறுவனம் ஒன்றின் கிளையாக விம்கோ 1923இல் வந்தது. அதே காலத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பினார்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுவதும் பரவிய தொழிலின் தொடக்கம் அது. ஆஸ்பென் வளராத நாட்டில் அதன் இடத்துக்கு ஆள் தேடியபோது கிடைத்தவை பெருமரம், மட்டி, இலவு, ஏழிலைப்பாலை போன்ற வெள்ளைக் கட்டைகள். பின்னாளில் அல்பீசியாவும் ரப்பர் மரமும் சேர்ந்துகொண்டன.

கட்டை குச்சியாவது

வெட்டிய மரத்தைக் கைமுழ நீள உருளைகளாகத் துண்டித்துப் பட்டையைச் சீவுவார்கள். உருளை ஈரமாக இருக்கும்போதே கடைசல் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். இறுகிய கட்டை என்றால் முதலில் வேகவைக்க நேரும். பெருமரத்துக்கு அது வேண்டாம். உருளை சுழல, நீளக் கத்தி ஒன்று அதன்மேல் அழுந்தி, பாயைச் சுருள் பிரிப்பதுபோல் 2 மில்லிமீட்டர் கனத்தில் மரத்தை உரித்துக்கொண்டே போகும். கூடவே சிறு கத்திகள் அந்த மரத்தாளைக் குச்சியின் நீளத்துக்கு நாடாக்களாகக் கீறிவிடும். நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெட்டுக் கத்திக்குக் கொடுத்தால் மறுபக்கம் குச்சிகள் கொட்டும்.

பிறகு ஒரு ரசாயனக் குளியல். அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் ஊறிய குச்சி, ஊதி அணைத்தபின் கங்காகக் கனன்றுகொண்டிருக்காது. வெயிலிலோ சூளையிலோ உலர்த்தி, பீப்பாயில் உருட்டிச் சிலும்பு போக்கி, முறிந்ததையும் மெலிந்ததையும் சலித்துக் கழித்தபின்தான் மூட்டையாகும். உருளையின் நடுவில் மிஞ்சும் தண்டு அடுப்புக்குப் போகும்.

கையில் ஒரு குச்சி இருந்தால் உருப்பெருக்கியில் பாருங்கள். நான்கு முகங்களில் ஒன்றில் மட்டும் நெடுக நுண்ணிய வெடிப்புகள் தெரியக்கூடும். வட்டமாக இருந்த மரத்தாளைத் தட்டையாக நிமிர்த்தியபோது உள்பக்கத்தில் விழுந்தவை அவை. 2 மில்லிமீட்டர் சதுரமும் 42 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட குச்சி 168 கன மில்லிமீட்டர் மரம். சேதாரமே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் கட்டையிலிருந்து 59 லட்சத்துக்கும் மேல் குச்சி வர வேண்டும்; பட்டை, நடுத்தண்டு, முறிவு, சலிப்பு என்று போவதில் பெரும்பங்கு குறையும். எடையைப் பார்த்தால், பதினான்கு குச்சி சேர்ந்தால் ஒரு கிராம்.

குச்சியைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தபின் நடப்பது மரத்தைவிட மனிதரைப் பற்றிய கதை. இந்த வட்டாரத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். குச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் சட்டத்தில் அடுக்குவதைக் கையால் செய்த காலத்தில் சிறுவர், சிறுமியரின் விரல்களே அதற்கு அதிகம் பயன்பட்டன. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், பின்னர் வந்த இயந்திரங்களும் சேர்ந்து அந்தக் காட்சியை மாற்றின. இயந்திரத்துக்கு ஒரு குணம்: வளைந்த குச்சியை அது மன்னிக்காது. விரல் தடவிப் பார்த்துச் சரிசெய்ததை இயந்திரம் தள்ளிவிடும். எனவே இயந்திரம் வந்ததிலிருந்து நேரான நாருள்ள கட்டைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

பெட்டியும் ஒருகாலத்தில் மரமே. இன்னும் மெல்லியதாக உரித்த மரத்தாளை மடித்து, நீலத் தாள் ஒட்டி, அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் வீடுகளில் செய்தார்கள். அட்டைப் பெட்டி வந்தபின் அது மறைந்தது. பழைய மரப்பெட்டி அழுந்தினால் நொறுங்கும், அட்டை நசுங்கும். மழைக்காலத்தில் எது மேல் என்பதில் பெரியவர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

பிற பயன்கள்

பெட்டி அடிக்கவும், ஒட்டுப்பலகையின் உள்ளடுக்குக்கும் பெருமரம் போகிறது. கட்டுமரத்துக்கு ஏற்ற மிதவைக் கட்டைகளில் இதுவும் ஒன்று. லேசாக இருப்பதால் வாள் உறைக்கும் பறை, மேளம் போன்றவற்றின் உடலுக்கும் முன்பு பயன்பட்டது. மலிவான பொம்மைகளுக்கும் ஆகும். கடைசல் பொம்மைக்கு மட்டும் ஆகாது; அதற்கு வெட்பாலையே சரி. அதுவும் வெள்ளை மரந்தான், ஆனால் தந்தம்போல் நெருக்கமான கட்டை. கர்நாடகத்துச் சன்னபட்டணப் பொம்மைகள் அதில் கடைந்து அரக்கேற்றியவை. ஒரே நிறத்தில் இருப்பதால் இரண்டையும் மாற்றி வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. கையில் தூக்கிப் பார்த்தாலே போதும், வெட்பாலை கனக்கும்.

பட்டை கசப்பானது, சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் சேர்கிறது. இலை ஆட்டுத் தீவனம். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தழைக்காகவே இதை வளர்த்து வெட்டுகிறார்கள். மனிதர் மூக்கைப் பிடிக்கிற இலையை ஆடு விரும்பித் தின்கிறது.

வளர்ப்பு

ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் மழையிலும் தாக்குப்பிடிக்கும் மரம் இது. செம்மண், சரளை, மணல் கலந்த மண் எல்லாம் ஒத்துவரும். ஒத்துவராதது வேரில் நிற்கும் தண்ணீர். இருக்கன்குடியைச் சுற்றியுள்ள கரிசலில் இதுதான் சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் நிலம் சேறாகி நாள்கணக்கில் ஈரம் பிடித்து வைக்கும். இளங்கன்று வேரழுகிச் சாயும். மேட்டுவரப்பிலும் வண்டிப்பாதை ஓரத்திலும் மண் அணைத்து நட்டால் தப்பும். புஞ்சையின் நடுவே தோப்பாக வைக்க விரும்புவோர் செம்மண் பக்கம் பார்ப்பது நல்லது.

புதிய விதையை அந்த ஆண்டே விதைக்க வேண்டும். 3 மீட்டர் இடைவெளியில் நட்டு, முதல் இரண்டு ஆண்டு பக்கக்கிளையைக் கிள்ளிவிட்டால் கணு இல்லாத நேர்த்தண்டு கிடைக்கும். கணு விழுந்த இடத்தில் கத்தி தடுக்கும், மரத்தாள் கிழியும். குச்சிக்கு 6 முதல் 8 ஆண்டில் வெட்டலாம். வெட்டிய அடியிலிருந்தும் வேரிலிருந்தும் மறுபடி துளிர்க்கும்.

எதிரிகள் இரண்டு புழுக்கள். மஞ்சள் உடலில் கறுப்பு வளையங்களும் நீண்ட வெண்மயிரும் கொண்ட எலிக்மா புழு இலையை நரம்பு வரை தின்று தீர்க்கும். அட்டேவா புழு கொழுந்திலைகளை வலைபின்னிச் சேர்த்து உள்ளே இருந்து அரிக்கும். பெரிய மரம் மறுபடி தழைத்துவிடும்; நுனிக்கொழுந்து போன கன்று இரண்டாகக் கவைத்து வளரும். கவைத்த மரம் குச்சிக்கு உதவாது.

கட்டை எங்கிருந்து வருகிறது

விருதுநகர் மாவட்டத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். ஆனால் அது கோணல், கடினம், முள். மூட்டம்போட்டுக் கரியாக்கத்தான் ஆகும். குச்சி மரம் நெடுங்காலமாகவே மேற்கு மலைக்கு அப்பாலிருந்து வருகிறது. கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் தென்னைக்கு ஊடே மட்டி நிற்கும். மிளகுக் கொடி அதன்மேல் ஏறும். கொடி ஓய்ந்தபின் மரம் குச்சிப் பட்டறைக்குப் போகும். அங்கேயே குச்சியாக்கி, மூட்டை கட்டிச் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் அனுப்புகிறார்கள். கட்டையாகச் சுமந்தால் ஈரத்துக்கும் கழிவுக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுக்க வேண்டும். குச்சியாக வந்தால் அந்தச் செலவில்லை.

மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, தீப்பெட்டித் தொழிலுக்கென்று விவசாயிகள் நிலத்தில் பெருமரம் வளர்க்கும் ஒப்பந்த முறையைத் தமிழகத்தில் முன்னெடுத்தது. யோசனை நல்லது. ஆனால் சிறு விவசாயிக்கு ஏழு ஆண்டு காத்திருப்பது எளிதல்ல. தீப்பெட்டி ஒரு ரூபாய்க்கு விற்ற 14 ஆண்டுக் காலத்தில் கட்டைக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆபீஸ்காரருக்கும் கை வரவில்லை. 2021 டிசம்பர் 1ஆம் தேதிதான் பெட்டி விலை 2 ரூபாயானது. மலிவு லைட்டர்களின் போட்டியால் தொழில் தளர்ந்ததைக் கண்டு, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை ஒன்றிய அரசு 2023 ஜூனில் தடுத்தது.

பெருமரம் நடப்போகிறவர்கள் கன்று வாங்கும் முன்பே குச்சிப் பட்டறை ஒன்றுடன் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டுகிற தேதியும் லாரி வருகிற தேதியும் ஒன்றாக இருக்கட்டும். மழை ஈரத்தில் இரண்டு வாரம் கிடந்து நீலம் பாய்ந்த கட்டைக்கு விறகு விலைதான்.